அது என்ன தப்பு பண்ணுச்சு?

இந்தியாவிலிருந்து ஒரு நாயை ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றுக்கு அழைத்துப் போவதற்கான விதிகளை முதன்முறையாகப் படிப்பவருக்கு, ஏதோ நோன்பு முறையைப் படிப்பது போல இருக்கும். முதலில் நாயின் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதில் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. ஊசியை இன்று போட்டுவிட்டுச் சிப்பை நாளை வைத்தால் அந்த ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டுக்கொண்டது இதே நாய்தான் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. ஊசி போட்டு 30 நாள் கழிந்த பிறகு ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருக்க வேண்டும். இருந்தால் பாஸ். பாஸானாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு அரசு கால்நடை மருத்துவரின் சான்று. கடைசியில் கூண்டு. நாய் உள்ளே நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் இருக்கிற கூண்டாக அது இருக்க வேண்டும்.

பூதலூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சிங்கப்பூரில் இருப்பார்கள். டெல்டாவில் இது பல தலைமுறைப் பழக்கம். தண்ணீர் வராத வருஷங்களில் வீட்டைக் காப்பாற்றியது அந்த விமானம்தான். ஆனால் அதே வீட்டு நாய்க்கு எல்லை என்பது மாதக் கணக்கு. வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிற செல்லப்பிராணி திருச்சியில் இறங்கவும் முடியாது. விலங்குகளுக்கான தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிற டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற சில ஊர்கள் வழியாகத்தான் அது நாட்டுக்குள் நுழையலாம்.

இந்த விதிகளைக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா?" என்று சிரிப்பவர்கள் ஒரு பக்கம். "ஈவிரக்கம் இல்லாத காகித ராஜ்ஜியம்" என்று கொதிப்பவர்கள் மறுபக்கம். எனக்கு இந்த இரண்டு பேச்சிலும் ஏதோ குறைகிறது. குறைவது என்ன என்று எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா கேட்ட கேள்வியிலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

*

அவர் மகன் ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போனவர். ஒரு வருஷம் கழித்து மனைவியையும் பெண் குழந்தையையும் அழைத்துக்கொள்ள ஏற்பாடு நடந்தது. வீட்டில் மணி என்று ஒரு நாய். ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலின் மேல் சுருண்டு படுத்துக் கிடக்குமே, அந்த இனம். ஐப்பசி மழையில் குட்டியாகத் திண்ணையில் ஒதுங்கியது, பிறகு அங்கேயே இருந்துவிட்டது. அந்தக் குழந்தை நடை பழகியதே அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான்.

ஒரு சாயங்காலம் மருமகள் கைப்பேசியில் விதிகளைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். "அத்தை, எல்லாம் சேர்த்து நாலு மாசத்துக்கு மேல ஆகுமாம்."

"ஏம்மா அவ்வளவு நாளு?"

"இந்தியாவுலேர்ந்து வர்ற நாயின்னா ரத்தத்தப் பாத்து, அப்புறமும் காத்திருந்துதான் விடுவாங்களாம்."

பெரியம்மா மணியைப் பார்த்தார். "வருஷா வருஷம் ஊசி போடுறோம். இதுநா வரைக்கும் ஒரு ஆளக் கடிச்சதில்ல. அது என்ன தப்பு பண்ணுச்சு?" பிறகு என்னிடம் திரும்பி, "நீ படிச்சவந்தானே தம்பி, சொல்லு" என்றார்.

சொல்வதற்கு எளிதான பதில் இருந்தது: தப்பு ஒன்றும் பண்ணவில்லை பெரியம்மா, நோய்க்குப் பயப்படுகிறார்கள். ஆனால் அது அவர் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் கேட்டது நோயைப் பற்றி இல்லை. ஒரு தப்பும் செய்யாத ஓர் உயிரை, அது பிறந்த இடத்தை வைத்துச் சந்தேகப்படலாமா என்பதுதான் அவர் கேள்வி. விசா வரிசையில் நின்ற எந்த இந்தியனுக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. நம் கையில் இருக்கிற பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து, நாம் திரும்பிப் போவோமா மாட்டோமா என்று முன்பின் தெரியாத ஒருவர் முடிவு செய்கிறார். மணியும் அந்த வரிசையில்தான் நின்றது.

*

முதலில் சந்தேகத்துக்கு இருக்கிற காரணத்தை நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். ரேபிஸ் நோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள் என்பது உலக அளவில் எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதர்களுக்கு வருகிற நோயில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகத்தான். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பயம் பழையது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் அப்பா அம்மா தலைமுறை நடுங்கிய கதை எல்லா வீட்டிலும் உண்டு. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசி. 2000களின் நடுப்பகுதியில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. குன்னூரில் இருக்கிற பாஸ்டர் நிறுவனம் 1907இல் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு முன்கதை சொல்வார்கள். 1902இல் லில்லி பாகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அப்போது சிகிச்சைக்கு வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டும். அந்த மரணம்தான் தெற்கில் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கிவைத்தது. ஊசி இருந்தது, ஆனால் எட்டாத தூரத்தில் இருந்தது. இந்தத் தூரம் என்கிற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஊசி போட்டாயிற்று, ரத்தமும் தேறிவிட்டது, பிறகு ஏன் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்? விதியின் எல்லா வரிகளிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லும். அது ஊசியால் வந்ததா, ஊசிக்கு முன்பே ஏதோ ஒரு வெறிநாய் கடித்து, அந்தத் தொற்றால் வந்ததா என்று ரத்தம் சொல்லாது. கடிக்கும் நோய்க்கும் நடுவில் பொதுவாக இரண்டு மூன்று மாதம் இருக்கும். தொற்று உள்ளே இருந்தால் அந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். ஆய்வகம் சொல்ல முடியாததைக் காலம் சொல்லட்டும் என்று விதி உட்கார்ந்து காத்திருக்கிறது. இதில் கொடுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தனக்கு என்ன தெரியாது என்று ஒப்புக்கொள்கிற விதி அது.

காத்திருக்காத அன்பு என்ன செய்யும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. பிரிட்டன் 1902இல் தன் மண்ணில் ரேபிஸை ஒழித்துவிட்டது. 1918இல் அது திரும்பி வந்தது. முதல் உலகப் போரிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்கள் ரகசியமாகக் கொண்டுவந்த நாய்களால் வந்தது என்பதே பொதுவான கருத்து. பதுங்கு குழியில் தன்னோடு படுத்துக் கிடந்த நாயை எந்தச் சிப்பாய்தான் விட்டுவிட்டு வருவான்? அவன் இடத்தில் நான் இருந்தாலும் கோட்டுக்குள் ஒளித்துத்தான் எடுத்து வந்திருப்பேன். ஆனால் மறுபடி நோயை ஒழிக்க 1922 ஆகிவிட்டது. வெளியிலிருந்து வருகிற நாய்க்கு ஆறு மாதச் சிறை என்ற பிரிட்டிஷ் விதி, 2000இல் செல்லப்பிராணிப் பயணத் திட்டம் வரும் வரையில் நீடித்தது. ஒரு சிலர் ரகசியமாகக் காட்டிய அன்புக்கு, பின்னால் வந்த எத்தனையோ நாய்கள் கம்பிக்குப் பின்னால் கிடந்தன.

சமீபத்திலும் உண்டு. 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து 33 மீட்பு நாய்கள் சிகாகோவில் வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் தடுப்பூசிச் சான்று இருந்தது. அதில் ஒன்றுக்குப் பென்சில்வேனியாவில் ரேபிஸ் என்று தெரியவந்தது. அடுத்த மாதத்திலிருந்து அமெரிக்கா, ரேபிஸ் அபாயம் அதிகம் என்று பட்டியலிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை நிறுத்திவைத்தது. போலிச் சான்றிதழ்கள் பெருகிவிட்டதுதான் சொல்லப்பட்ட காரணம். 2024 ஆகஸ்ட் 1 முதல் சிப், ரத்தப் பரிசோதனை என்று புதிய விதிகள் வந்தன. இந்தியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரியம்மா மணிக்கு உண்மையாகவே வருஷா வருஷம் ஊசி போட்டார். ஆனால் ஊசி போடாமலே சான்று எழுதித் தருகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதால், அவருடைய உண்மைக்கும் மதிப்புக் குறைந்துவிட்டது. பொய் சொல்கிறவர்கள் கெடுப்பது தங்கள் பெயரை மட்டும் இல்லை.

*

ஆக, சந்தேகப்படலாம். ஆனால் எல்லாச் சந்தேகமும் ஒரே தரம் இல்லை. விலங்குகளை எல்லையில் நிறுத்தும் விதிகளை அடுக்கிப் பார்த்தால் அவை மூன்று விதமான கேள்விகளைக் கேட்கின்றன.

முதல் வகை நாயின் ரத்தத்தைக் கேட்கிறது. மேலே பார்த்த ஐரோப்பிய விதி அப்படிப்பட்டது. நீ இந்தியாவிலிருந்து வருகிறாய், அதனால் சந்தேகப்படுகிறேன், ஆனால் இந்தச் சந்தேகத்தைப் போக்கிக்கொள்ள உனக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன் என்கிறது. அந்த வழி எல்லா நாய்க்கும் ஒன்றுதான். சொகுசு பங்களா நாய்க்கும் 0.5தான், திண்ணை நாய்க்கும் 0.5தான். நாட்டு நாய் என்பதால் எதிர்ப்புச் சக்தி குறைவாகச் சுரப்பதில்லை.

இரண்டாவது வகை நாயை விட்டுவிட்டு மனிதனைக் கேட்கிறது. நம் நாட்டு விதியே இதற்கு உதாரணம். வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, நிரந்தரமாக இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து வருகிறவர்தான் தன் பயணச் சாமானோடு செல்லப்பிராணியைக் கொண்டுவரலாம், அதுவும் இரண்டு மட்டும் என்று 2013இல் இறுக்கினார்கள். 2016 ஏப்ரலில் நாய் இறக்குமதியையே பெரும்பாலும் நிறுத்தி, குறிப்பிட்ட சில தேவைகளுக்கு மட்டும் அனுமதித்தார்கள். இதில் நோய் முக்கியமில்லை. பயணச் சாமான் என்ற பெயரில் விலை உயர்ந்த வெளிநாட்டுக் குட்டிகளைக் கொண்டுவந்து விற்கிற வியாபாரத்தைத் தடுப்பது நோக்கம். பனிப்பிரதேச நாயைச் சித்திரை வெயிலில் மூச்சிரைக்க வைத்து வளர்க்கிற மோகத்தைப் பார்த்தவர்கள் இந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் விதியின் வடிவத்தைப் பாருங்கள். ஒன்றரை வருஷத்தில் வேலை போய்த் திரும்புகிறவரின் நாய் எத்தனை ஆரோக்கியமாக இருந்தாலும், அவர் வியாபாரி இல்லை என்று எப்படி நிரூபிப்பார்? வேலை போனதற்கான தண்டனை நாயின் தலையில் வந்து விழுகிறது.

மூன்றாவது வகை உடம்பைக் கேட்கிறது. டெல்டாக்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். 1953 முதல் ரேபிஸ் இல்லாத தீவு அது, இந்தியாவிலிருந்து போகிற நாயைத் தனிமைப்படுத்தி வைத்துப் பார்க்கும். அதையும் தாண்டி உள்ளே போனால் வீடு என்று ஒன்று இருக்கிறது. அங்கே பெரும்பாலானோர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில். அங்கே அனுமதிக்கப்பட்ட சிறிய நாய் இனங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, வீட்டுக்கு ஒரு நாய்தான். நம்முடைய ராஜபாளையமோ கன்னியோ கோம்பையோ அதில் இல்லை. பூனைக்கோ 2024 செப்டம்பர் வரை அந்த வீடுகளில் சட்டப்படி இடமே இல்லை, இப்போது இரண்டு வரை வளர்க்கலாம். நெருக்கமாக வாழும் ஊரில் குரைப்பும் இடமும் பிரச்சினைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கால் நீளமாகப் பிறந்த நாய் அதற்கு என்ன பதில் சொல்லும்? காத்திருந்தால் கால் குட்டையாகுமா?

பெரியம்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: கேட்கப்படுகிற உயிரால், அல்லது அதன் சார்பாக நிற்பவரால், பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேட்கிற விதி நியாயமான விதி. கேள்வி கடினமாக இருக்கலாம், நாளாகலாம். பதிலுக்கே இடமில்லாத கேள்வியைக் கேட்டால் அது விதி இல்லை, வெறும் கதவு.

விதி மீறப்பட்டால் யார் தண்டனை அனுபவிப்பது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015இல் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூ என்ற இரண்டு குட்டி நாய்களைத் தனி விமானத்தில், அறிவிக்காமல், ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோனார்கள். உடனே திருப்பி அனுப்பாவிட்டால் நாய்களைக் கொன்றுவிடுவோம் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சர் கெடு வைத்தார். உலகமே சிரித்த செய்தி அது. நாய்கள் தப்பித்தன. அடுத்த ஆண்டு ஹெர்ட் பொய்யான ஆவணம் தந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், மன்னிப்பு வீடியோவும் வந்தது. சிரித்து முடித்த பிறகு யோசித்தால், படிவத்தில் பொய் சொன்னது மனிதர்கள், சாவுக்கு நாள் குறிக்கப்பட்டது படிவம் படிக்கத் தெரியாத இரண்டு உயிர்களுக்கு.

*

நாயோடு ஓர் எல்லையில் நின்ற முதல் ஆள் நமக்கு எல்லோருக்கும் தெரிந்தவர்தான். பாரதத்தின் கடைசியில் தம்பிகளும் திரௌபதியும் வழியில் விழுந்துவிட, தருமர் மட்டும் சொர்க்கத்தின் வாசலுக்கு வந்து சேர்கிறார். கூடவே ஒரு நாய். நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறச் சொல்கிறான் இந்திரன். நம்பி வந்ததை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார் தருமர். பிறகு அந்த நாய் தருமதேவதை என்று தெரிகிறது, எல்லாம் சுபம்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது தருமரை நினைத்துப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால் வேறு ஒன்று உறுத்துகிறது. அந்த நாய் வெறும் நாயாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதை அதைச் சொல்லாமல் தப்பித்துவிடுகிறது. நாய் தெய்வமாக மாறியதால் சொர்க்கத்தின் விதி மாறவே தேவையில்லாமல் போயிற்று. இந்திரனின் வாசலில் நாய் என்ன செய்தாலும் நாய்தான். ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை, மூன்று மாதமும் இல்லை. அந்த விதத்தில் பிராங்க்ஃபர்ட் விமான நிலையம் சொர்க்கத்தைவிடக் கொஞ்சம் நியாயமான இடம். அங்கே மணி மணியாகவே உள்ளே போகலாம்.

ஆனால் தருமருக்கு அந்தத் தருணத்தில் செலவு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சொல், அவ்வளவுதான். இன்றைக்குச் சிப், ஊசி, ஆய்வகம், கூண்டு, ஏஜென்ட், சென்னைக்குப் போக்குவரத்து, விமானச் சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் எளிதாக லட்ச ரூபாயைத் தாண்டும். பதில் சொல்ல முடிகிற கேள்விதான், ஆனால் பதிலின் விலையை யார் கொடுப்பது? ஊசி இருந்தும் கசௌலிக்குப் போக முடியாமல் செத்துப்போன பெண்ணின் கதை இங்கே திரும்பி வருகிறது. வழி இருப்பது வேறு, வழி எட்டுவது வேறு.

2022இல் உக்ரைன் இதற்கு ஒரு விடை காட்டியது. பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் லட்சக்கணக்கானோர் நாயையும் பூனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு எல்லைக்கு வந்தார்கள். சிப்பும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. போலந்தும் ருமேனியாவும் ஹங்கேரியும் அவர்களை உள்ளே விட்டன. நம் ஊர் மருத்துவ மாணவர்களில் சிலரும், வளர்த்த நாயை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று நின்றார்கள். கேரளத்து மாணவி ஒருவர் தன் ஹஸ்கி நாயைத் தோளில் சுமந்து எல்லைக்கு நடந்த படம் எல்லோரும் பார்த்ததுதான். முன் அனுமதிச் சான்று தேவை என்ற நிபந்தனையை இந்திய அரசும் அந்தச் சமயத்துக்கு மட்டும் தளர்த்தியது.

இதைப் பார்த்து, "பார்த்தீர்களா, விதி எல்லாம் சும்மா" என்று சொல்லிவிடத் தோன்றும். அது சரியில்லை. உக்ரைனில் ரேபிஸ் இருந்தது, போர் வந்ததால் வைரஸ் ஓடிப்போகவில்லை. ஐரோப்பிய நாடுகள் செய்தது என்னவென்றால், வந்து சேர்ந்த பிறகு ஊசி போட்டு, சிப் வைத்து, கண்காணித்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் உரிமையாளர் தலையில் இருந்த வேலையை எல்லைக்கு இந்தப் பக்கம் அரசு எடுத்துக்கொண்டது. கேள்வி அதே கேள்விதான். பதிலின் செலவைச் சுமக்கும் தோள்தான் மாறியது. ஒரு போருக்கு அது முடியும் என்றால், விதியின் கடுமையில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு நம் சௌகரியத்தால் வந்தது என்று சாதாரண நாட்களிலும் கேட்கலாம்.

*

மணி ஜெர்மனிக்குப் போகவில்லை. பணம் ஒரு காரணம், நாள் ஒரு காரணம். புது ஆற்றங்கரையில் காலையில் ஒரு மைல் ஓடிவிட்டு வருகிற நாய், பனியில் மூன்றாவது மாடி வீட்டில் என்ன செய்யும் என்ற கேள்வியும் இருந்தது. நான் பார்த்தவரை இதுதான் எல்லாவற்றிலும் உண்மையான காரணம். கூட்டிப்போவதுதான் அன்பு என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஊரில் யார் கேட்டாலும் வீட்டில் சொன்ன பதில் ஒன்றுதான்: "அங்க விட மாட்டாங்களாம்."

விடுவார்கள். நாலரை மாதம் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் எடுத்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் சரியான முடிவைக்கூட நம்முடையது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்போது, விதியைத் தேடிப் போய் அதன் பின்னால் நின்றுகொள்கிறோம். பதில் சொல்லக்கூடிய விதியின் தொந்தரவே அதுதான். அது கதவை மூடுவதில்லை. முடிவை நம் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெரியம்மாவுக்கு இது புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். விமானம் ஏறிய வாரத்தில் ஒருநாள், மணிக்குச் சோறு வைத்துக்கொண்டே சொன்னார்: "நானுந்தான் போகல. எனக்கு யாரு ரத்தம் பாத்தா?"

டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் இன்று ஒரு வயதானவரும் ஒரு நாயும்தான் இருக்கிறார்கள். எந்தச் சட்டம் அவர்களைத் தடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

இனி, அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியது யார் என்ற கேள்விக்கு வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலோ அமெரிக்காவிலோ யாரோ ஓர் அதிகாரிக்கு நம்மைப் பிடிக்காததால் இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஓர் ஊரில் இருக்கிற நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்பது பல நாடுகளில் செய்து பார்த்த கணக்கு. கோவாவில் வலையும் ஊசியுமாகத் தெருத்தெருவாகப் போனார்கள். 2018 முதல் அங்கே மனிதர் யாரும் ரேபிஸால் இறக்காத நிலை வந்து, 2021இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். ஆக, இந்தியாவில் முடியாத காரியம் என்று சொல்ல முடியாது.

நாம் செய்வது என்ன? கடிபட்ட செய்தி வந்தால் எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறோம். பிடிக்க வண்டி வந்தால் அழுகிறோம். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில், கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, வெறியும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி வேறொரு அமர்வு அதை மாற்றியது. அந்தப் பன்னிரண்டு நாளும் சமூக ஊடகத்தில் எல்லோரும் நாயை நேசிப்பவர்களாகவோ வெறுப்பவர்களாகவோ இருந்தார்கள். தன் தெருவில் எத்தனை நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

2023இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயை 'சமூக விலங்கு' என்று அழைக்கின்றன. எனக்குப் பிடித்த சொல் அது. எங்கள் தெருவின் நாய்கள் உண்மையிலேயே அப்படித்தான். ஒரு வீட்டில் பழைய சோறு, இன்னொரு வீட்டில் மீன் முள், கோயில் வாசலில் தூக்கம். எல்லோரும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எல்லையின் படிவத்திலோ உரிமையாளர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. அதைப் பார்த்து, கூட்டு உறவைப் புரிந்துகொள்ளத் தெரியாத ஐரோப்பியப் புத்தி என்று நாம் பெருமையாகச் சிரிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் சொந்தமான நாய்க்கு ஊசி போட வேண்டிய நாளில் யார் வருகிறார்கள்? உறவு கூட்டாக இருக்கிறது, பொறுப்பு மட்டும் யாருடையதும் இல்லை.

அதனால்தான் மணி ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் ஊசி போட்ட பெரியம்மாவின் நாய், ஊசியே போடாத நம் தெருக்களின் கடனைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றது. "அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்பதற்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்கு இப்போது தெளிவாக இருக்கிறது. அது ஒன்றும் பண்ணவில்லை. பண்ணாமல் விட்டது நாம்.

ஒரு நாயை எல்லை தாண்டிக் கூட்டிப்போகச் சிலருக்கு வசதி இருக்கும், பலருக்கு இருக்காது. எல்லையை ஒரு நாட்டின் எல்லா நாய்களுக்கும் எளிதாக்குகிற வேலை கால்நடை மருந்தகத்தில், பாஸ்டரின் நினைவு நாளான செப்டம்பர் 28 அன்று நடக்கிற இலவசத் தடுப்பூசி முகாமில், சங்கிலியே கட்டிப் பழகாத ஒரு தெருநாயை யாரோ ஒருவர் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்துவதில் இருக்கிறது. அந்த நாய் எங்கேயும் போகப்போவதில்லை. பூதலூரிலேயே பிறந்து அங்கேயே செத்துப்போகும். அதற்குப் போடுகிற ஊசிதான், என்றோ ஒருநாள், வேறு யாரோ ஒருவர் வீட்டு மணியைச் சந்தேகமில்லாமல் பார்க்க வைக்கும்.